தோப்பை ஒப்பந்தம் விடச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டது என்றாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள், என் கையெல்லாம் பலாப்பால். "இந்த வயசுல எதுக்கும்மா ரோட்டோரம் வெயில்ல உட்காரணும், தோப்பை மொத்தமா வியாபாரிகிட்ட விட்டுட்டு வீட்ல இரு" என்றாய். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாய், தெரியும். அப்பாவும் நானும் இரண்டு ராத்திரி இதையே பேசினோம். விடுவதாக இல்லை பாப்பா. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது பழம் கேட்டு வந்துவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கத்திரி முடிந்து பத்து நாளாகியும் வெயில் குறையவில்லை. முந்திரி ஓய்ந்துவிட்டது, உடைத்த பருப்பு மட்டும் கொஞ்சம் கடையில் இருக்கிறது. நுங்கும் கடைசிக் குலைகள்தான், பாதி முற்றிப்போய் விரல் இறங்கமாட்டேன் என்கிறது. பலாதான் இப்போது கடையைத் தாங்குகிறது. மண்டியில் வரத்து கூடக்கூட விலை இறங்குகிறது. வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக கையில் நிற்பது கொஞ்சம்தான். அதே பழத்தை இங்கே அறுத்துச் சுளையாக விற்றால் இரண்டு பங்கு பார்க்கலாம்.

ரோட்டை நான்கு வழியாக்கியதில் புளியமர நிழல் போனது உனக்குத் தெரியும். வண்டிகளும் இப்போது நிற்காமல் பறக்கின்றன. கண்ணாடி ஏற்றிய காருக்குள் பலா வாசம் எப்படிப் போகும்? அதனால் ஒரு பழத்தை அறுத்து முன்னால் வைத்துவிடுகிறேன். அந்த மஞ்சள் கண்ணில் பட்டால்தான் பிரேக் போடுகிறார்கள்.

நேற்று அறுத்த பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நீ ஊன்றிய மரத்துப் பழம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது நீ ஏழாம் வகுப்பு. தாத்தா வைத்த 34 மரத்தில் 31 சாய்ந்தது. விடிந்ததும் பின்வாசலில் நின்று பார்த்தால் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. வாழ வந்த நாளிலிருந்து அந்த வாசலில் நின்று நான் அதைப் பார்த்ததே கிடையாது. தாத்தா மூன்று நாள் தோப்புப் பக்கமே போகவில்லை. அடுத்த கோடையில் மிஞ்சிய மூன்று மரத்தில் ஒன்று காய்த்தது. பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது, தின்ற கையோடு ஊன்ற வேண்டும் என்று அவர் சொல்ல, நீ மோட்டார் கொட்டகைப் பக்கம் ஊன்றினாய். எட்டு வருஷம் கழித்து 2020-ல்தான் அது முதல் காய்ப்பு காய்த்தது. ஊரடங்கில் ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. தெருவுக்கே அறுத்துக் கொடுத்தோம், பார்க்கத் தாத்தா இல்லை.

அந்த மரத்துப் பழத்தைத்தான் அப்பா நாலு நாள் முன்பு தட்டிப் பார்த்தார். முற்றாத காயில் கல்லைத் தட்டியது போல டண்ணென்று கேட்கும். இது தொம் தொம்மென்றது. முள் கூர் மழுங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தது, காம்பை ஒட்டிய இலையும் பழுத்திருந்தது. கயிறு கட்டித்தான் இறக்கினோம், தரையில் விழுந்தால் உள்ளே கன்றிப்போகும். நேற்றுக் காலை சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தேன். நடுத்தண்டைச் சீவி எடுத்ததும் பழம் தானாக விரிந்துகொடுத்தது. 18 கிலோ பழத்தில் 112 சுளை. சுளையைச் சுற்றியிருந்த நாரான சடை மாட்டுக்குப் போனது. தஞ்சாவூர் போகிற ஒரு அம்மா ஒரு சுளையை வாயில் போட்டார். விலை கேட்கக்கூட இல்லை, பேசாமல் இன்னொன்றை எடுத்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

போன வருஷம் கீழத்தோப்பை ஒப்பந்தம் விட்டோமே, அதில் நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மாசியில் பிஞ்சைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுத்தார்கள். தம்பியின் காலேஜ் பீஸுக்கு உதவியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வைகாசி பிறந்ததும் லாரியோடு வந்து ஒரே நாளில் மரத்தை மொட்டையாக்கிவிட்டார்கள். பாதிக் காய் முற்றவே இல்லை. பணம் வாங்கியாயிற்று, வேடிக்கை பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஒருவர் வந்து சத்தம் போட்டார். வேறெங்கேயோ வாங்கிய பழமாம், சுளை வெளுத்துச் சப்பென்று இருந்ததாம், "பண்ருட்டிப் பலான்னு சொல்லி ஏமாத்துறீங்க" என்றார். எங்கள் கடையில் வாங்கவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. அது நம் கீழத்தோப்புக் காயாகவே இருக்கலாம் என்று தோன்றியதும் வாய் அடைத்துவிட்டது. பத்து சுளை பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

கடையில் நானே அறுத்து, நானே ஒன்றைத் தின்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தவர் கையில் கொடுக்கிறேன். அதை என்னால் விட முடியாது பாப்பா.

உன் பேச்சையும் தட்டவில்லை. பதினொரு மணிக்குக் கடையை மூடி மூன்றரைக்குத்தான் திறக்கிறேன். அப்பா முழங்கால் வலியோடு மரம் ஏறுவதில்லை, வடக்குத்தெருப் பையனைக் கூலிக்கு வைத்திருக்கிறோம். நீ அனுப்பிய பணத்தில் தகரத்தை எடுத்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தாயிற்று, உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஒரு பழம் போட்டுவிடுகிறேன், உன் மரத்துப் பழம்தான். வந்த அன்றே அறுக்காதே. சாக்கோடு ஓரமாக வை. அறை முழுக்க வாசம் வந்து, விரலால் அழுத்தினால் தோல் உள்வாங்கும், அன்றைக்கு அறு. கத்திக்கு எண்ணெய் தடவ மறந்துவிடாதே. கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, நீ ஒரே மூச்சில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கொட்டையைக் கழுவி ஈரம் போக உலர்த்திவை. நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்கு வரும். புளி கொஞ்சம் தூக்கலாகக் கரை.

அம்மா