செலவு வேறு, விளைவு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீர்த் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ முழுவதும் செலவாகிவிட்டதைப் பாராட்டி, அதுவே நிர்வாகத் திறனுக்குச் சான்று என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஊராட்சி ஒன்றியக் கணக்குப் பிரிவிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், அந்த வரி என்னை மிகவும் வருந்தச் செய்தது.

ஒதுக்கீடு எப்படிச் செலவாகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பிப்ரவரி வரை கிடப்பில் கிடந்த செலவுப் பட்டியல்கள், நிதி காலாவதியாகிவிடும் என்ற ஒரே அச்சத்தில், மார்ச் கடைசி வாரம் இரவோடு இரவாகக் கையெழுத்தாகும். பதிக்க வேண்டிய குழாய்கள் சாலையோரம் அடுக்கிக் கிடக்கையிலேயே பணம் உரிய வேலைக்குச் செலவாகிவிட்டது என்னும் பயன்பாட்டுச் சான்றிதழ் மேலிடம் போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இத்தகைய ஆண்டிறுதி அவசரச் செலவை நிதி ஒழுங்கு மீறல் என்றே மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சொல்கின்றன. அதைத் தாங்கள் திறமை என்கிறீர்கள்.

செயல்திறனை அளந்து நிதி ஒதுக்க வேண்டும் என்பது 1960களின் இறுதியில் முதலாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமே பரிந்துரைத்த பழைய யோசனை. ஒதுக்கீடு வேறு, விளைவு வேறு என்று 2005-06 நிதிநிலை அறிக்கை உரையிலேயே ப. சிதம்பரம் எச்சரித்தார், அந்த ஆண்டே விளைவுகளுக்கென்று தனி அறிக்கையும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2017-18 முதல் திட்டவாரியாக இலக்குகளும் தரப்படுகின்றன. வருமான வரி வரம்புக்கு ஆண்டுதோறும் முழுப்பக்கம் ஒதுக்கும் தங்கள் நாளிதழ், இந்த ஆவணத்துக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. இது பற்றி முன்பு நான் எழுதிய கடிதமும் வெளியாகவில்லை.

அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது, சரியானதை அளக்கவும் வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கம், ஊரக வீடு ஒவ்வொன்றிலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் தவறாமல் கிடைப்பது. எங்கள் தெருவிலோ என் தம்பி மனைவியைப் புதுக்குழாயருகே நிறுத்திப் படம் பிடித்ததும் அந்த வீடு இலக்கு எட்டிய கணக்கில் சேர்ந்துவிட்டது. தண்ணீருக்கு அவர் இன்றும் குடத்தோடு அடுத்த தெருவுக்குத்தான் போகிறார். எந்தத் தெருவுக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு வால்வு திறந்தது என்பதை எங்கள் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி மோட்டார் அறையில் தொங்கவிட்டிருக்கிறார். உண்மையான விளைவு அதில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு இதுவரை எந்த அதிகாரியும் வந்ததில்லை; செய்தியாளரும் வந்ததில்லை.

அடுத்த பிப்ரவரியில் தாங்கள் வெளியிடும் நிதிநிலைச் சிறப்புப் பக்கத்தில், முக்கியத் திட்டங்களின் ஒதுக்கீட்டுக்கு அருகே, முந்தைய ஆண்டு அறிவித்த இலக்கையும் எட்டிய அளவையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றியக் கணக்கர்