அக்கா, நான் திரும்பி வரவில்லை

அன்புள்ள அக்கா,

நெதர்லாந்தின் நிரந்தர வதிவிட அட்டை கைக்கு வந்துவிட்டது. அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டும் என்னிடமேதான் இருக்கிறது. இங்கே குடியுரிமை எடுப்பதென்றால் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்பது பொதுச் சட்டம். டச்சுக்காரரைக் கலியாணம் கட்டியவர்களுக்கு விலக்கு உண்டு, எனக்கு அது பொருந்தாது. (பெரியம்மா வாசித்தால்: இல்லை, அப்படி யாரும் இல்லை.) ஆகவே வதிவிடம் மட்டும் எடுத்தேன். "கடவுச்சீட்டை விடேல்ல, அப்ப தம்பி வாறான்" என்று சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சொல்லத் தொடங்கிவிட வேண்டாம். நான் வரவில்லை.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறேன்? வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் வரும், பதில் வராது. போனில் சொன்னால் பக்கத்தில் அம்மா இருப்பா, "பிறகு கதைப்பம்" என்பீர்கள். ஆனால் நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதை மட்டும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறீர்கள் என்று அத்தான் சொன்னார். சரி, அப்போ இங்கேயே எழுதுகிறேன். சிட்னிச் சனத்தில் பாதி சேர்ந்து வாசிக்கும் என்று தெரியும். அதனால் சில இடங்களில் பாதியில் நிறுத்துவேன். மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

"சிட்னியில இல்லாத என்ன அங்க கிடக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை, அக்கா. நான் இருக்கும் உட்ரெக்டில் கடலே இல்லை. ரயிலேறி சான்ட்ஃபோர்ட் போனால் ஒரு சாம்பல் நிறக் கடல் இருக்கும், ஆடி மாதத்திலும் காலை வைத்தால் குளிரும். மார்கழியில் சூரியன் காலை ஒன்பதுக்குக் கிட்டத்தான் எழும்பும், மாலை நாலரைக்குப் போய்விடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சிட்னிப் பெண்டில் ஹில்லில் இடியப்பம் வாங்குவதுபோல் இங்கே நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதற்கு மாதாமாதம் கட்டிய பிறகும், ஆஸ்பத்திரி என்று போனால் வருடத்தின் முதல் 385 யூரோ நம்முடைய பொக்கெற்றிலிருந்துதான். மெடிகெயார் என்ற அவுஸ்திரேலிய அரசாங்க மருத்துவத் திட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது இன்னும் எரிச்சல்தான். வீட்டு டொக்டரிடம் போக அந்தக் கணக்கு இல்லை. ஆனால் அவர் பெரும்பாலும் பனடோல் போட்டுவிட்டு ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கத்தான் சொல்லுவார்.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் அங்கே இருக்கிறான் என்று கேட்பீர்கள்.

நான் வந்த 2019இல்தான் ரயில் நிலையத்துக்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தை முழுதாகத் திறந்தார்கள். 12,500 சைக்கிள், மூன்று தளம், முதல் நாள் இலவசம். உலகத்திலேயே பெரியது என்றார்கள். நான் அங்கே ஹெல்மெட்டோடு போய் இறங்கினேன். நியூ சவுத் வேல்ஸில் 1991இலிருந்து கட்டாயம், இல்லையென்றால் 300 டொலருக்கு மேல் தண்டம். அந்தப் பயம் என் தலையில் ஊறிப் போயிருந்தது. ஒரு வயதான மனுசி என் தலையைப் பார்த்து, "நீங்கள் ஜெர்மன்காரரா?" என்று கேட்டா. என்னை! இங்கே ஹெல்மெட் போட்டால் வெளியூர்க்காரர் என்றுதான் நினைப்பார்களாம். அப்புறம் அதைக் கழற்றி வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

இங்கே நண்பர் வீட்டில் ஒரு கோப்பி குடிக்க மூன்று கிழமைக்கு முன்பே நாட்குறிப்பைத் திறந்து திகதி குறிக்க வேண்டும். ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. ஐந்தரைக்கு மேலும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால், "இனி நாங்கள் சமைக்கப் போகிறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நம் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்தாலும் சோறு காணும். அது பெரிய விசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேர் போன பிறகு சமையலறையில் உங்கள் முகத்தைப் பார்த்தவன் நான். இவர்கள் சொல்வதுபோல ஒருநாள் நீங்கள் சொல்லியிருந்தால் என்ன? எனக்கு இந்த ஊர் வழக்கம் பிடித்திருக்கிறது. சொன்னால் கோபிப்பீர்கள் என்று இவ்வளவு காலம் சொல்லவில்லை.

பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். கேக் ஒரு துண்டு, ஒன்றே ஒன்று. உள்ளே போகிறவர் பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவருடைய அம்மா, அப்பா, சகோதரம் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். "உங்கள் தம்பிக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துகள்." முதல்தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தடவை உங்களை நினைத்தேன். என் பிறந்தநாளுக்கு உங்களுக்கு யாராவது வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்களா? எனக்குக் கேக் அடித்தது, பலூன் ஊதியது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் பள்ளி இறுதிச் சோதனையான ஹெச்எஸ்சியில் தமிழ் எடுக்க வைத்தது எல்லாம் நீங்கள். இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.

2023இல் நீங்கள் வந்தபோது நான் காட்ட நினைத்ததெல்லாம் வேறு. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் ரெம்பிரான்டைப் பார்க்க ஓட, நான் உங்களை ஒரு நசுங்கிய வெள்ளீயத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். டிர்க் ஹார்டொக் என்ற கப்பல்காரர் 1616 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவில் இறங்கி, வந்து போனதை எழுதிக் கம்பத்தில் அடித்துவிட்டுப் போன தட்டு. 1697இல் இன்னொரு டச்சுக்காரர் போய் அதைக் கழற்றிக்கொண்டு, புதிதாக ஒன்றை அடித்துவிட்டு வந்தார். நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்க, நீங்கள், "யாழ்ப்பாணக் கோட்டையையும் இவங்கள்தானே பிடிச்சவங்கள்? எங்களையும் விடேல்ல, அவுஸ்திரேலியாவையும் விடேல்ல" என்றீர்கள். 1658, அக்கா. போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, பிறகு ஐந்து முனையாகக் கட்டினார்கள். பக்கத்தில் நின்ற காவலாளி நாங்கள் சிரித்த சிரிப்பில் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அந்த மாலை. அரசர் பிறந்தநாளுக்கு முதல் நாள், ஏப்ரல் 26. உட்ரெக்டில் மட்டும் தெருச் சந்தை முதல் நாள் மாலை ஆறுக்கே தொடங்கி இரவிரவாக நடக்கும். பிள்ளைகள் பழைய பொம்மை விற்பார்கள், பெரியவர்கள் பழைய சப்பாத்து விற்பார்கள், எங்கும் ஓரஞ்சு நிறம். நீங்கள் தற்செயலாக ஓரஞ்சுச் சேலை உடுத்தியிருந்தீர்கள், ஆளாளுக்குக் கை காட்டினார்கள். லொம்பொக் பகுதியில் சூரினாம்காரர் கடையில் ரொட்டி சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு, முட்டை, கோழி, பயித்தங்காய். "இது எங்கட பயித்தங்காய்தான், ஆனா கறித்தூள் வேற" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். திரும்பும்போது கால் நோகிறது என்றீர்கள். பஸ் எல்லாம் சுற்றுப்பாதை. பின்னால் ஏறுங்கோ என்றேன்.

"விசரா? சேலையோட?"

இங்கே கரியரில் ஆள் ஏற்றுவது குற்றமில்லை, பேரப்பிள்ளையிலிருந்து காதலி வரை எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். ஒரு பக்கமாகக் காலைப் போட்டு ஏறினீர்கள். முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு என் ஜாக்கெட்டைப் பிடித்தீர்கள். முதலில் "மெதுவா, மெதுவா" என்று கத்தினீர்கள். கால்வாயோரம் வந்தபோது சத்தம் நின்றுவிட்டது. பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் சொன்னீர்கள்:

"அண்டைக்கு நான் ஏறேல்லயடா. நீதான் இருந்தனி. நான் கரியரைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான்."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு. இன்றோடு முப்பது வருடம். கோண்டாவிலிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை, மழைக்குள், வலிகாமச் சனம் முழுக்க ஒரே தெருவில் நின்ற இரவு. எனக்கு இரண்டு வயது, ஒரு துளி ஞாபகமில்லை. அப்பா சைக்கிளை ஓட்டவில்லை, ஓட்ட இடமில்லை, தள்ளிக்கொண்டு போனார் என்பதும், மூட்டைகளுக்கு நடுவில் என்னைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பதும், நான் நித்திரை என்பதும், உங்களுக்கு ஒன்பது வயது, செருப்பு அறுந்துவிட்டது என்பதும் ஒரு டச்சுக் கால்வாயோரம்தான் எனக்குத் தெரியவந்தது. அப்பா சொல்லவில்லை. அம்மா இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். நான் முன்னால் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது, அதனால் அழவும் வசதியில்லை.

அந்த மாலையை நான் எவ்வளவோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சில நாள், அக்கா என்னை நம்பி ஏறினா, சொல்லாததைச் சொன்னா என்று நெஞ்சு நிறையும். சில நாள் கோபம் வரும். ஏன் அன்று சொன்னீர்கள்? மறுநாள் காலையே, "இனிப் போதும், வந்திடு" என்றீர்கள். அப்படியானால் முதல் நாள் மாலை சொன்னது கதையா, கணக்கா? இரண்டு வயதுப் பிள்ளை சைக்கிளில் இருந்ததற்கு எத்தனை வயதில் கடன் தீரும்? சிட்னியில் நான் எப்போதும் அந்த மூட்டைக்கு நடுவில் இருந்த பிள்ளைதான். எதற்கும் நடக்க விடமாட்டீர்கள். இங்கே முதல் குளிர்காலத்தில் வாடகை ஒப்பந்தத்தை ஒரு சொல்லும் விளங்காமல் அகராதி வைத்து வாசித்தவன் நான். கடையில் நான் டச்சில் கேட்டால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், நான் விடாமல் டச்சிலேயே கேட்பேன். இங்கே குடியேறுகிறவர்கள் எழுதும் இன்பியூர்கெரிங் சோதனையில் பேச்சுப் பகுதிக்கு முன் கை நடுங்கியது. அதெல்லாம் யாரும் தூக்கிக் கொண்டுபோய் விடாமல் நானே போன இடங்கள்.

2021 பற்றி, அந்தக் கொரோனாக் காலம் பற்றி. இதில் நான் கவனமாக இருக்கப் போகிறேன். ஜூலையில், அவுஸ்திரேலியாவுக்கு வாரத்துக்கு ஆறாயிரம் பேர் என்று இருந்த வருகையை 3,035 ஆகக் குறைத்தது நான் அல்ல. சொந்தக் கடவுச்சீட்டோடு சொந்த நாட்டுக்குப் போக இடம் கிடைக்காமல் நின்றவர்களில் நானும் ஒருவன். இடம் கிடைத்திருந்தாலும் 14 நாள் ஹொட்டலில் அடைத்திருப்பார்கள், 3,000 டொலர் கட்டணம் வேறு. நான் வெளியில் வரமுன் எல்லாம் முடிந்திருக்கும். சிட்னியில் இருந்தவர்களுக்கே செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் அனுமதியில்லை. நீங்கள் செய்ததை நீங்கள் செய்தீர்கள். மகன் இருக்க மகள் ஏன் செய்தா என்று கதை கட்டியவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று: அப்பாவுக்கு அதைச் செய்ய என்னைவிட உரிமையுள்ளவர் அங்கே நின்றார். உங்களுக்கு ஒன்று: தனியாக நின்றீர்களே, அதற்கு வருத்தம், மன்னியுங்கள். ஆனால் "வேணுமெண்டு போனவன்தானே" என்று அந்த இரவு போனில் சொன்னீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

இனி வேலை விசயம். என்னுடைய அறையை நான் வருவேன் என்று பூட்டி வைத்திருக்கிறீர்களாம், அத்தான் சொன்னார். திறவுங்கள். மேசையைக் கொடுத்துவிடுங்கள், கிரிக்கெட் மட்டையை மருமகன் எடுக்கட்டும். அம்மா மாடிப்படி ஏறுவது சிரமம் என்றால் அந்த அறைதான் கீழே இருக்கிறது, குளியலறையும் பக்கம். இதை நான் போன வருடமே சொன்னேன், "உனக்கு எங்கயடா படுக்கிறது" என்றீர்கள். வந்தால் ஹோலில் படுப்பேன். தை மாதம் மூன்று கிழமை வருகிறேன், லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த மூன்று கிழமையும் அம்மாவை நான் பார்க்கிறேன். நீங்களும் அத்தானும் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள். நான் சமைப்பது அம்மாவுக்குப் பிடிக்காது என்ற சாட்டு வேண்டாம்.

போன ஞாயிறு இங்கே நேரம் மாற்றிவிட்டார்கள். இப்போது பத்து மணித்தியால வித்தியாசம். ஞாயிறுகளில் உங்களுக்கு இரவு ஏழு, எனக்குக் காலை ஒன்பது. போனை அம்மாவின் முகத்துக்கு அவ்வளவு கிட்டப் பிடிக்காதீர்கள், நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

மாதாமாதம் அனுப்புகிற காசைத் திருப்பி அனுப்புவதையும் நிறுத்துங்கள். இனித் திரும்பி வந்தால் அத்தானின் கணக்குக்குப் போடுவேன். அவர் வாங்குவார், கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
தம்பி
உட்ரெக்ட், 30 ஒக்டோபர் 2025