கழுகைக் காக்க மாட்டு மருந்தைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

நீலகிரி, ஈரோடு மாவட்டங்களை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) கணக்கெடுத்தது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். எண்ணிக்கையைப் பேசிய அச்செய்தி, அதைத் தீர்மானிக்கும் காட்டோரக் கிராமங்களின் மாட்டுத் தொழுவங்களைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து ஊசி போடப்பட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால், உடலில் தங்கிய மருந்து அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒரே சடலத்தைப் பல கழுகுகள் கூடி உண்பதாலும், அவை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதாலும், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாகவே நஞ்சு இருந்தாலும் அந்த இனம் சரியப் போதும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கழுகுகள் குறைந்த இடங்களில் அழுகும் இறைச்சி தெருநாய்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் விளைவை (வெறிநாய்க்கடி உட்பட) மனிதர்களே சுமக்கிறோம்.

கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் 2006லும், அதே வகை வலி மருந்துகளான கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவை 2023லும் தடை செய்யப்பட்டன. ஆனால், மாடு வளர்க்கும் எங்கள் பகுதியில், காய்ச்சலோ மடிவீக்கமோ கண்டால் மருத்துவர் வரும்வரை காத்திராமல், மனிதர்களுக்கென விற்கும் இத்தகைய வலி ஊசியை மருந்துக் கடையில் வாங்கிப் போடுவதை இன்றும் காண்கிறேன். மாடு வளர்ப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கறவை மாடு படுத்துவிட்டால் அன்றைய வருமானமே போய்விடும். எனவே, முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டிய ஊர்களின் கால்நடை மருந்தகங்களில், கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் ஊசி மருந்தை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வனத்துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் இணைந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்