கேமராக்களுக்கும் ஓர் அறை ஒதுக்குங்கள்

புதுச்சேரி அரசின் கலை, பண்பாட்டுத் துறைக்கு,

வணக்கம். புதுவையிலும் கடலூரிலும் பழைய போட்டோ ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அங்கிருக்கும் மரக் கேமராக்கள் காயலான் கடைக்குப் போய்ச் சேருமுன் அரசு அவற்றை வாங்கிக் காக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு பெரியவர் தம் வீட்டுப் பரணிலிருந்து வாகீஸ்வரி கேமரா ஒன்றை இறக்கிக் காட்டினார். ஆலப்புழையில் செய்தது. தேக்குச் சட்டமும் பித்தளைத் திருகுகளும் இன்றும் உறுதியாக இருக்கின்றன. லென்சையும் பின்சட்டத்தையும் இணைக்கும் துருத்தியின் மடிப்புகள்தான் வெடித்துவிட்டன. உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கசிகிறது. லென்சில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. அதை நாள்பட விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை.

1839 ஆகஸ்ட் 19 அன்று டாகேரின் படமெடுக்கும் முறையை உலகுக்கு வெளியிட்டது பிரான்ஸ். அவருக்கு முன்பே கேமராவில் படம் பதித்த நியெப்சின் பெயரில், நியெப்ஸ் பிறந்த ஊரிலேயே அருங்காட்சியகம் நடத்துகிறது. அந்த நாட்டோடு இத்தனை காலம் பிணைந்திருந்த நம் ஊரில் கேமராவுக்கென்று ஓர் அறைகூட இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காத்து வருகிறது. தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களையும் மின்னுருவாக்கியிருக்கிறது. படங்களுக்குப் புகலிடம் கிடைத்துவிட்டது. அவற்றை எடுத்த கருவிகள் பரணில் கிடக்கின்றன.

அரசு அருங்காட்சியகத்திலேயே ஓர் அறை போதும். ஆனால், வெறும் கண்ணாடிப் பெட்டி உதவாது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோல் உறைக்குள் பூட்டி வைப்பது இன்னும் கேடு. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் வசதிக்குத்தான் முதல் செலவு செய்ய வேண்டும்.

கேமராவோடு நின்றுவிடாதீர்கள். நெகட்டிவில் குறைகளைத் திருத்த உதவிய டச்சிங் மேசையையும் வாங்குங்கள். கீழே வெளிச்சத்தை மேலே திருப்பச் சாய்த்து வைத்த முகக்கண்ணாடி, மேலே நெகட்டிவ். ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின் தழும்பை மறைத்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. அவர்கள் வேலை செய்வதை இப்போதே படம்பிடித்து வையுங்கள். ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிமின் காலி டப்பாவையும் யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பொருள் தருவோரில் பலர் விலை கேட்க மாட்டார்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் குறித்த ரசீதை அவர்கள் கையில் கொடுங்கள். அதே பெயரைக் காட்சிப் பலகையிலும் எழுதுங்கள். வருகிற மழைக்காலத்துக்கு முன் சேகரிப்பைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புதுவைவாசி ஒருவர்