வைலுவா ஆற்றங்கரையில் இன்னொரு கோயில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, ஹவாயின் கவாய்த் தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். அங்கே 'இறைவன் கோயில்' என்ற பெயரில் இருக்கும் சிவன் கோயிலைப் பற்றி நிறைவாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பெங்களூரு அருகே கையால் செதுக்கிய கருங்கற்கள் கப்பலேறிப் போனது, 2023இல் குடமுழுக்கு நடந்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோயிலுக்குப் போகும் அதே குவாமோ சாலையில், ஒபாயேகா அருவிக்கு எதிர்ப்புறம் இருக்கும் போலியாஹு என்ற பழைய ஹவாய்க் கோயிலுக்கு ஒரே ஒரு வரிதான். ஆற்றைப் படம் பிடிக்க வசதியான பாழடைந்த மேடாம்!

படம் பிடிக்க வசதிதான், மறுக்கவில்லை. மேட்டின் விளிம்பில் நின்றால் வைலுவா ஆறு கீழே வளைந்து போகிறது, சுற்றுலாப் படகுகள் நகர்கின்றன, மேகம் விலகினால் வாயியாலெயாலே மலையும் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் கோயில். ஹவாய் மக்கள் ஹெயாவ் என்பார்கள். ஏறத்தாழ ஓர் ஏக்கரை வளைத்த மதில், சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. இப்படிப்பட்ட பெரிய ஹெயாவுகளுக்குள் கூரை வேய்ந்த வீடுகள், பலிமேடை, தெய்வ வாக்குக் கேட்கும் மரக்கோபுரம், மரச் சிலைகள் எல்லாம் இருந்தன.

போலியாஹு தனிக் கோயிலும் அல்ல. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஹிகினாகாலா, தென்கரையில் மாலாயே, உள்ளே தள்ளி ஹோலோஹோலோகூ, மேட்டில் போலியாஹு என்று ஒரு வரிசையே இருக்கிறது. 1962இல் அமெரிக்க அரசு இவற்றைச் சேர்த்துத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அரச குலப் பெண்கள் வந்து பிள்ளை பெற்ற கற்கள் ஹோலோஹோலோகூவை ஒட்டி உள்ளன. கவாயின் கடைசி அரசர் கவுமுவாலி அங்கேதான் பிறந்தார் என்பது வழக்கு. அரசப் பிள்ளை பிறந்தால் ஊருக்குச் சொல்ல, தட்டினால் ஒலிக்கும் பாறை ஒன்று மேட்டில் இருக்கிறது.

இவை பாழானதை வெள்ளைக்கார மிஷனரிகள் கணக்கில் எழுதுவது வழக்கம். நடந்தது வேறு. 1819இல் ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹா இறந்த சில மாதங்களில் அவர் மகன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கபு என்ற பழைய விலக்கு முறையை முடித்துவைத்தார். கோயில்களை அழிக்கவும் சிலைகளை எரிக்கவும் ஆணை போனது. மிஷனரிகளின் கப்பல் வந்ததே 1820இல்தான். அப்புறம் கிறித்தவரான அரசி டெபோரா கபூலே மாலாயேவை மாட்டுப்பட்டி ஆக்கினார். பிறகு கரும்புத் தோட்டங்கள் சுற்றிவளைத்தன.

இன்றைக்குப் போலியாஹுவில் நான் பார்த்தது புல், களை, வெளுத்துப்போன அறிவிப்புப் பலகை, மதில்மேல் ஏறி செல்ஃபி எடுக்கும் கூட்டம். நடுவே காட்டுக்கோழிகள். சரி, எடுத்துக் கட்டிவிடலாமே என்று நம்மவர்கள் கேட்பார்கள். திருப்பணி என்று நம் ஊர்க் கல்வெட்டுகள்மேல் மணலை வீசியடித்த கதை தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். எதை எடுத்துக் கட்டுவது, எதை அப்படியே விடுவது என்பதை அந்த மண்ணின் மக்கள்தான் சொல்ல வேண்டும். பலகையை மாற்றவும் களை எடுக்கவும் மட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எந்த யோசனையும் தேவையில்லை.

போகிறவர்களுக்குக் கட்டுரையில் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதில்மேல் ஏறக்கூடாது. கல்லை நகர்த்துவது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைப்பது, நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொள்வது எதுவும் ஆகாது. இலையில் கல்லைச் சுற்றிக் காணிக்கை என்று வைப்பது சுற்றுலாப் பயணிகள் கிளப்பிவிட்ட பழக்கம், அதுவும் வேண்டாம். பக்தி மிகுதியில் கற்பூரம் கொளுத்திவிடாதீர்கள் என்று நம் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வரி போட்டாலும் தப்பில்லை.

இணையப் பதிப்பிலாவது போலியாஹுவை 'படம் எடுக்க ஏற்ற இடங்கள்' பெட்டியிலிருந்து எடுத்து, இறைவன் கோயில் இருக்கும் 'வழிபாட்டுத் தலங்கள்' பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சான் ஹோசே, கலிபோர்னியா