ஏழாம் மாதமா, ஏழாம் தேதியா?

பெறுநர்: இணையவழி முன்பதிவுத் தளத்துக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வேலூரில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். உங்கள் தளத்தில் தேதியும் நேரமும் குளறுபடியாக வருவதைப் பற்றி ஏற்கெனவே மனு போட்டிருக்கிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் பழைய கதையை மறுபடி ஓட்டவில்லை. "ஆவன செய்யப்படும்" என்று வந்த பதிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் மட்டும் தேதி சரியாக இருந்தது. கையால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள்.

இப்போது எழுத வைத்தது, ஒடுகத்தூருக்கு மேலே மலையிலிருந்து வந்த ஒரு பாட்டி. ஆவணச் சரிபார்ப்புக்கு அவருக்குக் கிடைத்த நாள் ஜூலை 8. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன்தான் ஃபோனில் பதிவு செய்து கொடுத்தான். அவன் பார்த்த பக்கத்தில் 8/7/2025 என்று இருந்திருக்கிறது. பாட்டிக்கு வந்த குறுஞ்செய்தியிலோ 7/8/2025. "நாள் உன் ஃபோனுக்கே வரும் பாட்டி" என்று அவன் சொல்லிவிட்டான். குறுஞ்செய்தியைக் காட்டினால் போதும் என்றுதான் உங்கள் தளமும் சொல்கிறது. ஊரில் அதைப் படித்துச் சொன்னவர் ஆகஸ்ட் 7 என்றார். யார் படித்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று இருட்டோடு மலையிறங்கி, ஒடுகத்தூரில் பஸ் பிடித்து, கூலி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். "போன மாசம் எட்டாம் தேதியே வரலியேம்மா, ஆப்சென்ட் போட்டாச்சு. ஃபீஸ் திரும்ப வராது, புதுசா பதிவு பண்ணுங்க" என்றார்களாம். ஃபோனை எடுத்துக் காட்டியதற்குக் கவுண்டரில் இருந்தவர், "இது அமெரிக்காக்காரங்க எழுதற மாதிரிம்மா, மாசம்தான் முன்னால வரும்" என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்த பாட்டி கேட்டது: "அமெரிக்காவுல இருக்கறவங்களா தம்பி எனக்கு நாள் குறிச்சாங்க?"

நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

கோளாறு எங்கே என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்தில் தெரியும் தேதியை வடிவமைப்பது பேரனின் ஃபோன். அதில் இந்திய அமைப்பு இருந்ததால் நாள் முன்னால் வந்தது. குறுஞ்செய்தியைத் தயாரிப்பது உங்கள் சர்வர். எந்த நாட்டு வழக்கம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதனால் அது தானாகவே அமெரிக்க வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 13ஆம் தேதி முதல் வரும் நாட்களில் ஆபத்தில்லை. 7/15 என்று வந்தால் பதினைந்தாவது மாதம் ஏது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். 1/1, 2/2 போன்றவற்றைக் கழித்தால் வருடத்துக்கு 132 நாட்கள். இந்த நாட்களில் உங்கள் குறுஞ்செய்தியை நம்பி வருகிறவர் தவறான நாளில் வந்து நிற்பார்.

நான் கேட்பது ஒன்றுதான்: மாதத்தை எண்ணாக அனுப்பாதீர்கள். "2025 ஜூலை 8, செவ்வாய், காலை 10 மணி" என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் மாதம் எழுத்தில்தான் இருக்கிறது, கிழமையும் இருக்கிறது, ராகுகாலம் வரைக்கும் இருக்கிறது. அதைப் பார்த்து நாள் தவறியவர் யாரையும் நான் கண்டதில்லை.

நேரத்தின் கதை தனி. உங்கள் சர்வரின் கடிகாரம் யூ.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதில் தப்பே இல்லை, சர்வர்களை அப்படி வைப்பது வழக்கம்தான். ஆனால் ஜனங்களுக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டாமா? கூட்டாததால், நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் நடுவில் செய்யும் எந்தப் பதிவுக்கும் முந்தின நாள் தேதி விழுகிறது. அந்த நேரத்தில் யார் பதிவு செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். பகலில் உங்கள் தளம் நகர்ந்தால் யாரும் செய்ய மாட்டார்கள். போன மாதம் குடியாத்தத்துக்காரர் ஒருவர் 1ஆம் தேதி விடியற்காலையில் பணம் கட்டினார். வங்கிக் கணக்கில் ஆகஸ்ட் 1, உங்கள் ரசீதில் ஜூலை 31. "தேதி ஒத்துப்போகவில்லை" என்று விண்ணப்பத்தையே திருப்பிவிட்டீர்கள். உங்கள் கடிகாரத்தின் தப்புக்கு அவர் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

இந்தியா முழுக்க ஒரே நேரம். கோடையில் முள்ளை முன்னால் தள்ளி, குளிரில் பின்னால் இழுக்கும் வேலையும் நமக்கு இல்லை. புரோகிராம் எழுதுகிறவருக்கு இதைவிடச் சுலபமான நாடு வாய்க்குமா தெரியவில்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்குத்தான். ஊருக்கு ஊர் வேறு நேரம் இருந்த காலம் அது. அப்புறம் ரயில்வேக்காரர்கள் மெட்ராஸ் நேரத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள், 1906ல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. கணினி இல்லாமலே தீர்த்த விஷயம் இது.

உங்கள் தளத்தில் எல்லாம் புதுசு. முகப்பில் ஓடும் எழுத்து, கேள்வி கேட்டால் வணக்கம் மட்டும் சொல்லும் அரட்டைப் பெட்டி, வேலை முடிகிறதோ இல்லையோ ஐந்து நட்சத்திரம் கேட்கும் பக்கம். ஆப்சென்ட் ஆனவர்களும் நட்சத்திரம் போடலாமாம். உதவி எண்ணைக் கூப்பிட்டால் "சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது சார்" என்கிறார்கள். சர்வர் சந்திரனில் இருந்தாலும் 'ஏசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தைக் குறிப்பிட்டால் நம் நேரத்தைத்தான் காட்டும். மாதப் பெயர்களைத் தமிழில் தருகிற வசதியும் இன்றைய புரோகிராம் மொழிகளில் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பது யூ.டி.சி.யிலேயே இருக்கட்டும். கணினிக்குக் கணினி அனுப்பும் கோப்புகளில் தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 சொல்கிறபடி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை இருக்கட்டும். மனிதர்களுக்குப் போகும் குறுஞ்செய்தியிலும் ரசீதிலும் இந்திய நேரமும், எழுத்தில் மாதமும், கிழமையும் வர வேண்டும். இதற்குப் புது டெண்டர் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

பாட்டியின் பதிவு எண்ணைத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன். அவரிடம் மறுபடி கட்டணம் வாங்காமல் இன்னொரு நாள் ஒதுக்கித் தரும்படியும், அந்த நாளை மாதப் பெயர் எழுதி அனுப்பும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்துபவன்,
வேலூர்