டெல்லிக் குளிரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று வீடியோ காலில் நீ சிரித்தபோது உதட்டோரம் வெடித்திருந்ததைப் பார்த்தேன். கன்னமும் வெள்ளை பூத்திருந்தது. "இங்க குளிர் அப்படிப்பா, ஒரு சீரம் வாங்கியிருக்கேன்" என்றாய். வாங்கியதைத் தடவு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் டீயும் ரஸ்க்கும், ராத்திரி நூடுல்ஸும் என்றாயே, அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உனக்கு நினைவிருக்காது. ஐந்து வயதில் உன் முழங்கையிலும் முட்டியிலும் முள் முள்ளாய்ப் பொரிந்திருந்தது. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்றிருக்கும். சிரங்கு என்று நினைத்து மாற்றி மாற்றிக் களிம்பு போட்டோம். ஒரு டாக்டர்தான் பார்த்துவிட்டு, இது தவளைத் தோல், எண்ணெய்ச் சத்தும் வைட்டமின் ஏ-யும் குறைந்தால் வருவது, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நீ அப்போது ரசம் சாதம் தவிர எதையும் தொடமாட்டாய். அன்றிலிருந்து அம்மா முருங்கைக்கீரையை உருவி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்து, ரசம் சாதத்துக்குள் மறைத்து ஊட்டுவாள். கீரையில் இருக்கிற பீட்டா கரோட்டின்தான் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. கூடவே கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் குடல் அதை நன்றாக இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் அந்த முள்ளெல்லாம் உதிர்ந்து முழங்கை வழவழவென்று ஆனது. என் விரலாலேயே தடவிப் பார்த்தவன் நான். அதனால்தான் போன் பண்ணும்போதெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன்.

அங்கே முருங்கை தேடி அலையவேண்டாம். குளிர்காலத்தில் டெல்லிச் சந்தையில் பாலக், கடுகுக்கீரை, சிவப்புக் கேரட் எல்லாம் குவிந்து கிடக்குமே. நெல்லிக்காயும் கொய்யாவும் இந்த மாதங்களில்தான் வரும். நம் ஆயக்குடிக் கொய்யாவின் ருசி வராது, இருந்தாலும் வாங்கு. 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் 50 சொச்சம்தான். தோலைத் தளராமல் பிடித்து வைத்திருக்கிற கொலாஜன் என்கிற புரதத்தை உடம்பு கட்டுவதற்கு அந்த வைட்டமின் சி வேண்டும். சூடு பட்டால் குறைந்துவிடும், அதனால் பச்சையாகவே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடு.

சாயங்காலம் பசித்தால் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. முட்டை சாப்பிடுவாய்தானே, தினம் ஒன்று. நெற்றியில் பரு வருகிறது என்றாயே, இனிப்பும் மைதாவும் சிலருக்கு அதைக் கூட்டும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலினும் ஏறி, தோலில் எண்ணெய் சுரப்பது அதிகமாகிவிடும். டீயில் சர்க்கரையைக் குறைத்து ஒரு மாதம் பார். மேல்தோல் புதுசாக மாறவே ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும், நாலு நாளில் விட்டுவிடாதே. வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீயாக வாங்கிப் போடாதே, அளவு மீறினால் கல்லீரலில் தேங்கிவிடும். பரு பழுத்தாலோ அரிப்பு இருந்தாலோ தோல் டாக்டரிடம் போய்விடு, செலவைப் பார்க்காதே.

நிறத்துக்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. உன் நிறம் என் அம்மாவின் நிறம், அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவன் நான். உதடு வெடித்து, சாப்பிடும்போது எரியுமே என்பதுதான் எனக்குக் கவலை.

அப்புறம், எள்ளுப்பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் இடித்து இன்று பார்சல் போட்டிருக்கிறேன். நல்லெண்ணெய் பாட்டிலைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், நிமிர்த்தி வைத்துப் பிரி. சாதம் சூடாக இருக்கும்போதே பொடியைப் போட்டு, எண்ணெயைத் தாராளமாக விட்டுப் பிசை. வந்து சேர்ந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா